கால்சியம் மாத்திரையும் ஃப்ளூவும்: ஒரு திருத்தம்

அக்கா, "டர்பனில் குளிர் வந்தாச்சு, தினம் இரண்டு கால்சியம் மாத்திரை போட்டால் வெள்ளை அணுக்கள் விழித்துக்கொள்ளும், ஃப்ளூ அண்டாது" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். எதிர்ப்பு செல்களுக்குக் கால்சியம் வேண்டும் என்பது வரை சரி. மற்றது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போட்ட முடிச்சு.

இரத்தத்தில் கால்சியத்துக்குப் பஞ்சமே இல்லை. செல்லுக்குள் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட 10,000 மடங்கு வெளியே இருக்கிறது. கதவு திறப்பதில்தான் விஷயம். எதிர்ப்பு செல்களில் ஒரு வகையான டி செல், கிருமியை அடையாளம் கண்டதும் உள்ளே சேமித்திருக்கும் கால்சியம் வடியும். ஸ்டிம்1 என்ற புரதம் அதை உணர்ந்து, செல் சவ்வில் ஓராய்1 என்ற வாயிலைத் திறக்கும். உள்ளே பாயும் கால்சியத்தைக் கால்மோடுலின் என்ற புரதம் பிடித்துக்கொள்ளும், ஒரு மூலக்கூறுக்கு நான்கு அயனி. அப்புறம் அது கால்சிநியூரின் என்ற நொதியை முடுக்க, அது என்ஃபாட் என்ற புரதத்தின் மீதுள்ள பாஸ்பேட்டைக் கழற்ற, என்ஃபாட் உட்கருவுக்குள் போய் டி செல்களைப் பெருகச் செய்யும் இன்டர்லூக்கின்-2 மரபணுவை இயக்கும். ஓராய்1 பழுதோடு பிறக்கும் குழந்தைகளுக்கு டி செல்கள் இருந்தும் வேலை செய்யாது. எத்தனை மாத்திரை கொடுத்தாலும் அது சரியாகாது.

சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு, புது உறுப்பை உடல் எதிர்க்காமல் இருக்கத் தரும் டாக்ரோலிமஸ் மருந்து முடக்குவது இந்தக் கால்சிநியூரினைத்தான்.

எலும்புக்காக டாக்டர் எழுதித் தந்த கால்சியத்தை யாரும் நிறுத்த வேண்டாம். சும்மா கூட்டிப் போட்டால் சிறுநீரகக் கல் வரலாம். ஃப்ளூவுக்குத் தடுப்பூசி இருக்கிறது, அக்கா.