அது ஓடியிருக்க வேண்டும்

கடந்த ஞாயிற்றுக்கிழமை வால்பாறைச் சாலையின் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் எடுக்கப்பட்ட அந்த 40 நொடிக் காணொளியை உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். அதில் கையை வீசிக் கத்திக்கொண்டிருக்கும் நரைத்தலை ஆசாமி நான்தான். எனக்கு 'வரையாட்டின் மாமனார்' என்று பட்டம் சூட்டியவருக்கு நகைச்சுவை உணர்வு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காணொளி தொடங்குவதற்கு முன் என்ன நடந்தது என்று இதுவரை ஒருவரும் கேட்காததால், நானே எழுத வேண்டியிருக்கிறது.

தடுப்புச் சுவரை ஒட்டி ஒரு பெட்டை வரையாடு நின்றிருந்தது. நான்கடி தள்ளி அதன் குட்டி. காரை நிறுத்தி இறங்கிய ஒரு குடும்பம் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து, ஐந்து வயதுப் பையனின் கையில் ஒன்றைக் கொடுத்து, ஆட்டின் வாயருகே நீட்டச் சொன்னது. ஆடு முகர்ந்து பார்த்தது, கடித்தது, உதட்டில் ஒட்டிய தூளையும் நாக்கால் வழித்துக்கொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்த ஆடு ஓடியிருக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மனிதனைக் கண்டதும் ஓடியிருக்க வேண்டிய ஒரு காட்டுவிலங்கு ஓடாமல் நின்றது என்பது மகிழ்ச்சியான செய்தி அல்ல.

சங்கப் புலவர்கள் வருடை என்று பாடிய விலங்கு அது. நம் மாநில விலங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் அதைக் காண முடியாது. 2025-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் எண்ணப்பட்டவை 1,303. பொள்ளாச்சியில் ஓரளவு வசதியான வீட்டுத் திருமணப் பந்தியில் இதைவிட அதிகம் பேர் சாப்பிடுவார்கள். சிறுத்தையிடமிருந்தும் செந்நாயிடமிருந்தும் அதைக் காப்பாற்றுபவை இரண்டுதான்: செங்குத்துப் பாறையும் அதன் அச்சமும். பாறையை நாம் இன்னும் விட்டு வைத்திருக்கிறோம். அச்சத்தை ஒரு முறுக்குக்கு வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

'ஒரு முறுக்கில் என்ன குடிமுழுகிவிடும்?' என்று கேட்டிருக்கிறீர்கள். வால்பாறைக்குச் சற்று முன்னால், புதுத்தோட்டத்தில் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்கும் பாலங்களைப் பார்த்திருப்பீர்கள். மர உச்சியிலேயே வாழ்ந்து பழகிய சிங்கவால் குரங்குகளுக்காகக் கட்டியவை அவை. அந்தக் குரங்குகள் தார்ச்சாலையில் இறங்கி வண்டிகளில் அடிபட்டதால்தான் பாலம் தேவைப்பட்டது. அவற்றைச் சாலையோரத்தில் காத்திருக்கப் பழக்கியதில் கார்க் கண்ணாடி வழியாக வீசப்படும் தின்பண்டங்களுக்கும் பங்கு உண்டு. அங்கும் ஒவ்வொருவரும் ஒன்றே ஒன்றுதான் போட்டார்கள்.

'பக்குவமாகச் சொல்லியிருக்கலாமே' என்பது அடுத்த அறிவுரை. சொன்னேன். "தம்பி, இதெல்லாம் கொடுக்கக் கூடாது" என்றேன். "பாவம் சார், பசிக்குது" என்றார் அந்தக் குடும்பத்து ஆள். சுற்றிலும் புல் விளைந்து கிடக்கிற மலைச்சரிவில் நின்றுகொண்டு அந்த மனிதர் இதைச் சொன்னார். மறுபடியும் சொன்னேன். "உங்க ஆடா சார்?" என்றார். மூன்றாவது முறைதான் கத்தினேன். உங்கள் காணொளி அங்கேதான் தொடங்குகிறது.

'நீயும் காரில்தானே போனாய்?' ஆம், காரில்தான் போனேன். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். 1984-இல், எஸ்டேட் ஒன்றில் கணக்கராக இருந்த பெரியப்பாவைப் பார்க்க அப்பாவோடு முதன்முதலாக அந்தச் சாலையில் பேருந்தில் போனேன். "அதோ, வரையாடு!" என்று யாரோ கூவினார்கள். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். நான் பெரியவர்களின் முழங்கால்களுக்கு இடையே புகுந்து சன்னலை எட்டுவதற்குள், அது பாறையில் தாவி ஏறி மறைந்துகொண்டிருந்தது. நான் கண்டது அதன் பின்புறத்தையும் குட்டையான வாலையும் மட்டுமே. அட்டகட்டி வரும்வரை அழுதேன். "நம்மளப் பாத்து ஓடுனாத்தான்டா அது காட்டு ஆடு" என்று அப்பா சொன்னது அன்று எனக்கு ஆறுதலாக இல்லை. ஆனால் அந்த வாலை இன்றுவரை மறக்கவில்லை. அந்தப் பையனுக்கு நினைவில் நிற்கப்போவது முறுக்கா, ஆடா?

நான் புனிதன் என்று சொல்லவில்லை. ஆழியாறு குரங்கு அருவியில் கல்லூரி நாள்களில் நானும் பொரி போட்டவன்தான். போட்டவனுக்குச் சொல்லத் தகுதி இல்லை என்றால், இந்த ஊரில் வாயைத் திறக்க யாருக்குத் தகுதி இருக்கிறது?

முகம் தெரியாதவர்களின் கேலி எனக்குப் பெரிதில்லை. என் அத்தை மகன், நான் தோளில் தூக்கித் திரிந்தவன், சிரிப்புப் பொம்மைகள் ஏழெட்டைச் சேர்த்து அந்தக் காணொளியைக் குடும்பக் குழுவில் போட்டதும், அதற்குக் கீழே ஒருவர்கூட, என் மகள் உட்பட, 'அவர் சொன்னது சரிதானே' என்று ஒரு வரி எழுதாததும்தான் வலிக்கிறது. மகள் தனியாகக் கேட்டாள்: "ஏம்ப்பா இப்படிக் கத்துனீங்க? அந்தக் குட்டிப் பையன் அழறான், பாருங்க." பார்த்தேன். அவன் அழுததற்கு வருந்துகிறேன். அதற்கு மட்டும் வருந்துகிறேன்.

கடைசியாக, 'ஆட்டை மிரட்டியவனே நீதான்' என்று நேற்று முதல் ஒரு புதுக் குற்றச்சாட்டு கிளம்பியிருக்கிறது. காட்டில் சத்தம் போடக் கூடாது என்ற விதி எனக்கும் தெரியும். ஆனாலும் காணொளியை இன்னொரு முறை போட்டு, 31-ஆவது நொடியில் என்னை விட்டுவிட்டு இடது ஓரத்தைப் பாருங்கள். தாய் ஒரே தாவலில் சுவரைத் தாண்டிப் பாறையில் ஏறுகிறது; குட்டி ஒரு முறை சறுக்கி, பிறகு பின்னாலேயே போகிறது. திரையை விட்டு மறையும்போது தெரிவது அந்தக் குட்டை வால் மட்டும்தான்.