அது பேய் பங்களா இல்லை

நேற்றிலிருந்து எல்லோரும் பகிரும் அந்த ஜமைக்கா வீடியோவை நானும் பார்த்தேன். கரும்புத் தோட்ட முதலாளிகள் வாழ்ந்த ரோஸ் ஹால் மாளிகை, மூன்று கணவர்களைக் கொன்ற மந்திரக்காரி ஆனி பாமர், ராத்திரியில் காலடிச் சத்தம். அடிமைகளும் வருகிறார்கள், அவள் கையால் சாவதற்கு மட்டும்.

அந்த அடிமைகளைப் பற்றி ஏன் எதுவும் சொல்லவில்லை என்று கமெண்டில் கேட்டேன். "கதையைக் கதையா பாருங்க" என்றார்கள். சரி, கதையையே பார்ப்போம். 1831 அடிமைகள் கலகத்தில் அவளைக் கொன்றுவிட்டார்களாம். நிஜ ஆனி பாமர் செத்தது 1846-இல். கணவர்களைக் கொன்றதற்கு ஆதாரமே கிடையாது. 1929-இல் வந்த ஒரு நாவல்தான் இதை ஊரெல்லாம் பரப்பியது.

கப்பல் கிச்சனில் வேலை பார்த்தபோது ஜமைக்காவின் மான்டேகோ பே துறைமுகத்தில் இறங்கி அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். கீழ்த்தளத்தில் ஒரு பார். ரம் வாங்கிப் பாதி குடித்திருப்பேன், "முன்னாடி இங்கேதான் அடிமைகளை அடைத்து வைப்பார்கள்" என்றார் கைடு. மீதியைக் குடிக்க முடியவில்லை. தம்ளரை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் நின்றேன். அந்த ரம்மும் கரும்பிலிருந்து வந்ததுதானே.

பேய்க்கதையால் நாலு பேர் பிழைக்கிறார்களே என்பீர்கள். பிழைக்கட்டும், அந்த கைடுகள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. "பழசை எதுக்குக் கிளறணும்" என்பவர்களிடம்தான் கேட்கிறேன்: பேய் மட்டும் புதுசா? மந்திரக்காரி ஒருத்திமேல் பழியைப் போட்டுவிட்டால், மற்ற முதலாளிகள் எல்லாம் நல்லவர்கள் ஆகிவிடுகிறார்கள். சவுக்குக்கு மந்திரம் தேவைப்படவில்லை. சட்டமே அவர்கள் பக்கம் இருந்தது.

அந்த 1831 கலகம் என்னவென்று வீடியோவில் ஒரு வார்த்தை உண்டா? கிறிஸ்துமஸ் முடிந்ததும் கூலியில்லாமல் கரும்பு வெட்ட மாட்டோம் என்றார்கள். முன்னின்றவர் சாம் ஷார்ப். அவரும் அடிமை, பாப்டிஸ்ட் சபையில் போதித்தவர். டிசம்பர் 27 இரவு கென்சிங்டன் தோட்டம் எரிந்தது. அடக்கி முடித்தபின் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். ஷார்ப்பை 1832 மே 23 அன்று மான்டேகோ பே நகரத்தில் தூக்கிலிட்டார்கள். மறுவருடமே பிரிட்டன் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் போட்டது. நஷ்டஈடு 2 கோடி பவுண்ட். முழுவதும் முதலாளிகளுக்கு. கரும்பு வெட்டினவர்களுக்கு ஒரு பென்னிகூட இல்லை. அதற்கு வாங்கின கடனை பிரிட்டன் அரசு அடைத்து முடித்தது 2015-இல். இதுவா பழசு?

மான்டேகோ பே நடுவிலேயே ஒரு சதுக்கத்துக்கு சாம் ஷார்ப் பெயர் வைத்திருக்கிறார்கள். சிலையும் இருக்கிறது. வீடியோ எடுத்த தம்பி அவ்வளவு தூரம் போனவர், கேமராவோடு அங்கேயும் ஐந்து நிமிடம் நின்றிருக்கலாம்.