களாக்காய் விஷமில்லை, பயப்படாதீர்கள்

"களாச்செடி அரளிக் குடும்பம், காயைக் கிள்ளினால் பால் வருகிறது, அதனால் விஷம், பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள்" என்று தஞ்சை, நாகை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது.

குடும்பம் ஒன்றுதான், அது சரி. பாலும் வரும். ஆனால் அந்தப் பால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும், நாக்கில் துவர்க்கும், அவ்வளவுதான். காய் ஊறுகாய்க்குப் போகிறது, கருத்துப் பழுத்ததை அப்படியே தின்னலாம். கோடியக்கரைக் காட்டில் தானாக முளைத்துக் கிடக்கும் சிறுகளாவின் பழமும் தின்கிற பழம்தான். பேக்கரி கேக் மேல் சிவப்பாக வைக்கும் 'செர்ரி'கூட பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறிய களாக்காய்தான்!

உண்மையில் பயப்பட வேண்டியது மஞ்சள் அரளிக் காய்க்கு. அதன் கொட்டை இதயத் துடிப்பையே குலைத்துவிடும், உயிர் போகும். இரண்டையும் பிரித்தறிவது சுலபம்: களாவில் கூரான முள், குட்டையான அகல இலை, மல்லிகை போல வெள்ளைப் பூ, கொத்தாகக் காய், உள்ளே சின்னத் தட்டை விதைகள். மஞ்சள் அரளியில் முள்ளே இருக்காது, இலை ஒடுங்கி நீளமாக இருக்கும், காய்க்குள் கல் போல ஒரு கொட்டை. அதை யாராவது தின்றுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

களாச்செடியை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள்.