அது ஐஸ் அடியே இல்லை சார்

சனிக்கிழமை நம் குழுவின் போக்கிமான் போட்டி நேரலையைப் பார்த்தவர்களுக்கு எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தத் துண்டு வீடியோவைப் பார்த்துவிட்டு வாருங்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இன்று காலையில் ஒருவர் அதே வீடியோவை நாலு சிரிப்பு பொம்மை போட்டு எனக்கே அனுப்பிவைத்தார். சரி, எழுதிவிடுவோம்.

"டைப் பார்த்து அடிச்சு ஜெயிக்கிறதெல்லாம் ஒரு ஜெயிப்பா? டிராகனுக்கு ஐஸ். எல்கேஜி பிள்ளைக்கும் தெரியும்." அரையிறுதியில் ஜெயித்த தம்பி இன்னும் அழைப்பில் இருக்கும்போதே வர்ணனையாளர் சொன்னது இது. (புதியவர்களுக்கு: டைப் என்றால் போக்கிமான்களுக்கும் அவற்றின் அடிகளுக்கும் உள்ள வகை. நெருப்பு, தண்ணீர், ஐஸ் என்று. எந்த வகை அடி எந்த வகைமேல் எத்தனை மடங்கு விழும் என்பதுதான் கணக்கு.) தம்பி "ஆமாண்ணா" என்று சிரித்துவிட்டு மைக்கை அணைத்துவிட்டான். அந்தச் சிரிப்பை நானும் நிறைய இடத்தில் சிரித்திருக்கிறேன். அதனால் அது சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும்.

வர்ணனையாளர்மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. (கொஞ்சம் இருக்கிறது. பிறகு வருகிறேன்.)

முதலில், அது ஐஸ் அடியே இல்லை சார். மறுபடியும் ஓட்டிப் பாருங்கள். தம்பியிடம் மிச்சம் இருந்தது வீவைல், ஐஸ் வகைப் போக்கிமான். எதிராளியிடம் டிராகனைட். டிராகனும் பறக்கும் வகையும் சேர்ந்த உடம்பு, ஐஸ் பட்டால் நான்கு மடங்கு. அதற்கு மல்ட்டிஸ்கேல் என்று ஒரு கவசம் உண்டு. முழு உயிரோடு இருக்கும்வரை எந்த அடியும் பாதியாகத்தான் விழும். அந்தக் கவசத்தை உடைக்கத்தான் தம்பி ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே தரையில் ஸ்டெல்த் ராக் விரித்து வைத்திருந்தான். டிராகனைட் உள்ளே வந்தது, காலில் கல்லைத் தடுக்கும் பூட்ஸ் இல்லை, கல் குத்தி கால்வாசி உயிர் போனது. கவசம் அங்கேயே காலி. அப்போது வர்ணனையாளர் தன்னுடைய புது ஹெட்செட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

இப்போது எதிராளிக்கு வேறு வழி இல்லை. ஐஸ் வரும் என்று நினைத்து டெரா போட்டு (போக்கிமானின் வகையையே மாற்றும் வித்தை) டிராகனைட்டை ஸ்டீலாக மாற்றினார். ஸ்டீல் ஐஸைப் பாதியாக்கிவிடும். நல்ல முடிவுதான், நானும் அதைத்தான் செய்திருப்பேன். தம்பி அதையும் யோசித்துவிட்டான். அவன் அழுத்தியது லோ கிக். சண்டை வகை. ஸ்டீலுக்குச் சண்டை வகை இரண்டு மடங்கு. அதோடு லோ கிக் எதிரியின் எடையைப் பார்த்து வலுவாகும் அடி. 200 கிலோவைத் தாண்டினால் உச்ச வலு, டிராகனைட் 210 கிலோ. முடிந்தது கதை.

எதிராளி டெரா போடாமல் இருந்திருந்தால்? பறக்கும் வகைமேல் சண்டை வகை பாதிதான் விழும். தம்பி அந்த இடத்திலேயே தோற்றிருப்பான். அவ்வளவு பெரிய பந்தயத்தை அவன் ஒரே நொடியில் கட்டினான். எல்கேஜி பிள்ளைக்குத் தெரியுமாம்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான், எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன். டைப் பார்த்து ஆடுவதுதான் இந்த ஆட்டம். டைப்பைத் தள்ளிவைத்துவிட்டு "உண்மையான திறமை" என்று தனியாக ஒன்று எங்கேயும் இல்லை. சதுரங்கத்தில் குதிரை எப்படித் தாவும் என்று தெரிந்தவனை "மனப்பாடம் பண்ணி ஜெயிச்சான்" என்று யாராவது சொல்வார்களா?

உடனே கமெண்டில் வரப்போவது தெரியும். "அக்கா, 18 டைப், பதினெட்டுக்குப் பதினெட்டு 324 கட்டம், அதை உருப்போட்டால் போதும், இதில் என்ன மூளை?" சரி, உருப்போட்டுவிட்டு வாருங்கள். இரண்டு டைப் கலந்தால் 153 ஜோடி வரும், அதையும் போடுங்கள். அப்புறம் லெவிடேட் என்ற தனித்திறன் இருந்தால் தரை அடி படாது, வோல்ட் அப்சார்ப் இருந்தால் மின்சாரம் உணவாகிவிடும், டெரா போட்டால் போட்ட மனப்பாடமெல்லாம் தலைகீழ். அட்டவணை இரண்டு பேருக்குமே தெரியும் என்ற இடத்தில்தான் ஆட்டமே ஆரம்பிக்கிறது. அவனுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும், அப்படியானால் அவன் இப்போது என்ன செய்வான்? இதைத்தான் தம்பி செய்தான்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்று சொல்ல வேண்டும். பிடிக்காதவர்கள் தாண்டிப் போங்கள்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஃபயர்ரெட் என்ற பழைய போக்கிமான் ஆட்டத்தை எமுலேட்டரில் ஏற்றியது என் அண்ணன். நான் அழகாக இருக்கிறதே என்று சார்மாண்டரை எடுத்தேன். ஆடியவர்களுக்குத் தெரியும், நெருப்பை எடுத்தவளுக்கு முதல் ஜிம்மே சுவர்தான். அந்த ஜிம்மின் தலைவன் ப்ராக்கிடம் ஜியோடூட், ஓனிக்ஸ், இரண்டும் பாறையும் தரையும் சேர்ந்தவை. என் நெருப்பு பட்டதற்கான அடையாளமே இல்லை. அண்ணன் சொன்ன ஒரே ஆலோசனை, "லெவல் ஏத்து". அவன் எதற்கும் அதைத்தான் சொல்வான். நான் பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டின் கடைசித் தாளில் கட்டம் போட ஆரம்பித்தேன். அப்போது 17 டைப். இரண்டு மடங்குக்குச் சிவப்புப் பேனா, பாதிக்கு நீலம், படவே படாததற்குப் பென்சிலில் பெருக்கல் குறி. ஸ்கேல் வைத்துப் போட்டும் தேள், வண்டு எல்லாம் அடங்கிய பூச்சி வரிசை மட்டும் கோணலாகப் போய்விட்டது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு வாய்ப்பாடு என்று நினைத்து ஒரு டம்ளர் பூஸ்ட் கொண்டுவந்து வைத்தாள்.

கட்டம் போட்டபோதுதான் பாறைக்கு நேரே ஸ்டீல் சிவப்பில் இருப்பது கண்ணில் பட்டது. சார்மாண்டர் 13ஆவது லெவலில் மெட்டல் க்ளா கற்றுக்கொள்ளும். அது ஸ்டீல் அடி. ஓனிக்ஸ் விழுந்தது. அண்ணன் இன்றுவரை "லெவல் ஏறியதால்தான் ஜெயிச்ச" என்கிறான். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அதையே சொல்கிறான். ஒருத்தி உட்கார்ந்து யோசித்து ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள் என்பதை ஒத்துக்கொள்வதில் இந்த ஆண்களுக்கு என்னதான் கஷ்டமோ. சரி, அது வேறு பஞ்சாயத்து.

அடுத்த ஆட்சேபம், "டைப்புக்கெல்லாம் லாஜிக்கே இல்லை". இதைக் கொஞ்சம் மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன், பாதி உண்மை என்பதால். பூச்சி ஏன் மனோசக்தியை வெல்கிறது என்று கேட்டால் என்னிடமும் நேரான பதில் இல்லை. ஆனால் மின்சாரம் தரையில் ஏன் செல்லாது? உங்கள் வீட்டு பிளக்கில் மூன்றாவது பின் எதற்கு இருக்கிறது என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். ஃபேரி என்ற தேவதை வகையை இரும்பு ஏன் அடிக்கிறது? ராத்திரியில் கறிக்குழம்புத் தூக்கில் கரித்துண்டும் ஆணியும் போட்டு அனுப்பிய பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் இதைக் கேட்கலாமா? 2013 வரை ஸ்டீல் பேய் அடியையும் பாதியாக்கிக்கொண்டிருந்தது. எக்ஸ், ஒய் ஆட்டங்கள் வந்தபோது அதைப் பிடுங்கிவிட்டார்கள். எங்கள் ஆத்தா இருந்திருந்தால் ஆட்டத்தைச் செய்யும் கேம் ஃப்ரீக்குக் கடிதமே போட்டிருப்பாள்.

ஆரம்பத்தில் தப்பும் இருந்தது, யார் இல்லை என்றார்கள்? 1996இல் ஜப்பானில் முதல் ஆட்டம் வந்தபோது 15 டைப்தான். பேய்க்கு முன்னால் மனோசக்தி தோற்க வேண்டும் என்று ஆட்டத்துக்குள்ளேயே சொல்லிவிட்டு, உள்ளே நிரலில் பேய் அடி மனோசக்திமேல் படவே படாதபடி எழுதிவைத்தார்கள். பூச்சி அடிகளோ பரிதாபம். விளைவு, அந்தத் தலைமுறை முழுக்க மனோசக்தி ராஜ்யம். 1999இல் கோல்டு, சில்வர் ஆட்டங்களில் டார்க்கும் ஸ்டீலும் வந்த பிறகுதான் அது அடங்கியது. பிறகு டிராகன்கள் ஆட ஆரம்பித்தன, 2013இல் ஃபேரியைக் கொண்டுவந்தார்கள். ஃபேரிமேல் டிராகன் அடி சுத்தமாகப் படாது. எது தலைக்குமேல் போகிறதோ அதற்கு ஒரு எதிரியைச் செய்து வைக்கிறார்கள். யோசித்துத் திருத்தித் திருத்திக் கட்டிய ஒன்றை "சும்மா கட்டம்" என்று சொல்லாதீர்கள்.

(மொபைலில் போக்கிமான் கோ ஆடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களிடம் பூஜ்யம் கிடையாது, தரைமேல் மின்சாரம் 0.39 மடங்காவது படும். அது உங்கள் ஆட்டத்தின் கணக்கு. 2016 டிசம்பரில் ஜியோ புண்ணியத்தில் பிடித்துவைத்த பிட்ஜிகளின் ஸ்க்ரீன்ஷாட்டோடு என் பதிவில் வந்து சண்டை போடாதீர்கள்.)

"குழந்தைகள் விளையாட்டு" என்பவர்களுக்குப் பதில் இல்லை. நகருங்கள்.

"அப்படியானால் 2014 உலகப் போட்டியில் பச்சிரிசு என்ற அணிலை வைத்து ஒருவர் ஜெயித்தாரே, அது டைப் பார்த்தா, மனசு பார்த்தா?" இந்தக் கேள்வி வராமல் எந்த விவாதமும் முடிந்ததில்லை. வாஷிங்டனில் கொரியாவின் சேஜுன் பார்க் ஜெயித்ததை எல்லாரும் ஏதோ அன்பின் வெற்றி மாதிரி பகிர்கிறீர்கள். குட்டி அணில், பாவம், ஜெயித்துவிட்டது, கண்ணீர். ஐயா, அவர் அணியில் கயாரடோஸ் இருந்தது. தண்ணீரும் பறக்கும் வகையும், மின்சாரம் பட்டால் நான்கு மடங்கு. பச்சிரிசு ஃபாலோ மீ போட்டு எதிரியின் அடியைத் தன் பக்கம் இழுக்கும். இழுத்த அடி மின்சாரமாக இருந்தால் வோல்ட் அப்சார்ப் அதைக் குடித்து உயிரை ஏற்றிக்கொள்ளும். அந்த அணிலை அங்கே உட்கார வைத்ததே டைப் கணக்குதான்! நீங்கள் எனக்கு எதிராகக் கொண்டுவரும் மிகப் பெரிய சாட்சி என் சாட்சி.

அது கொரியாக்காரர் செய்தால் மேதைமை. நம் குழுவில் ஒரு பையன் செய்தால் எல்கேஜி.

இங்கேதான் அந்தக் "கொஞ்சம்" கோபத்துக்கு வருகிறேன். போன வருடம் தமிழில் ஒரு டைப் அட்டவணை செய்து குழுவில் போட்டேன், நினைவிருக்கும். வேலை முடித்து, பாத்திரம் கழுவி, பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு ராத்திரிகளில் உட்கார்ந்து செய்தது. எழுத்துரு ஒத்துவராமல் "பறக்கும்" என்ற ஒரு சொல்லுக்காகவே எல்லாக் கட்டத்தையும் அகலப்படுத்த வேண்டியிருந்தது. அதற்கு முதலில் வந்த கமெண்ட் இதே வர்ணனையாளருடையது: "அக்கா, நீங்க சார்ட் போடுங்க, நாங்க ஆடுறோம்." ஐம்பது பேர் சிரித்திருந்தார்கள். நானும் ஒரு சிரிப்பு போட்டேன், வேறென்ன செய்ய. அப்புறம் கீழே இருந்த என் பெயரை வெட்டிவிட்டு அதே படம் ஊரெல்லாம் சுற்றியது. சனிக்கிழமை நேரலையின் ஓரத்தில், இடது பக்கம் சின்னதாக ஓடிக்கொண்டிருந்ததே ஓர் அட்டவணை, கவனித்தீர்களா? பூச்சி வரிசையை நன்றாகப் பாருங்கள். இந்தத் தடவை கோணல் இல்லை.

பெயர் வேண்டாம், நான் அதற்காக எழுதவில்லை. எழுதவில்லை என்று சொல்லிக்கொண்டே இவ்வளவு எழுதிவிட்டேன் என்று நீங்கள் நினைப்பது புரிகிறது, நினைத்துக்கொள்ளுங்கள். பொறுமையாக உட்கார்ந்து ஒன்றைக் கற்றுக்கொள்பவரைப் பார்த்தால் உங்களுக்கு ஏன் சிரிப்பு வருகிறது என்பதுதான் என் கேள்வி. படித்துவிட்டுத் தேர்வில் நல்ல மார்க் வாங்கினால் "மக்கு, உருப்போட்டான்". படிக்காமல் வாங்கினால் "தலைவன்". பள்ளிக்கூடத்தில் கேட்டது, ஆபீஸில் கேட்டது, இப்போது பிக்காச்சு முன்னாலும் கேட்க வேண்டியிருக்கிறது.

"அவர் ஜாலியாகச் சொன்னார், நீங்கள் ஏன் சீரியஸ் ஆகிறீர்கள்" என்று ஒருவர் நிச்சயம் வருவார். ஜாலி என்றால் ஜெயித்தவனும் சிரித்திருக்க வேண்டும். அவன் மைக்கை அணைத்தான். அன்றைக்கு ராத்திரியே "அக்கா, நான் கொஞ்ச நாள் ஆடல" என்று எனக்கு மெசேஜ் போட்டான். அவனுக்கு ஐஸ் டைப் பிடிக்கும். தன்னைத் தவிர எதையுமே தாங்காத, நெருப்பு, சண்டை, பாறை, ஸ்டீல் நான்கிடமும் உதை வாங்கும் டைப். இப்போதைய ஆட்டத்தில்தான் பனி பெய்தால் ஐஸுக்குத் தற்காப்பு ஒன்றரை மடங்காகும் என்று ஏதோ இரக்கம் காட்டியிருக்கிறார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அரையிறுதி தாண்டுவது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு மாதம் ஐஸ் மட்டும் வைத்து ஆடிவிட்டு என்னிடம் பேசுங்கள்.

இறுதிப் போட்டி இந்தச் சனிக்கிழமைதான். தம்பி, இதைப் படிப்பாய் என்று தெரியும். உன் அணிப் பட்டியலைக் கேட்டு நடத்துபவர்கள் எனக்கு மெசேஜ் அனுப்பியிருந்தார்கள், போன வாரம் நீ கொடுத்ததையே மாற்றாமல் அனுப்பிவிட்டேன். திட்டுவதாக இருந்தால் இன்பாக்ஸுக்கு வா. டெரா என்ன வைப்பது என்று மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடு.