எட்டு மணி நாட்டுப்பண்ணும் 1939ஆம் ஆண்டின் ஆணையும்

பாங்காக் ரயில் நிலையக் காணொளியைப் பற்றி இரண்டு நாளாக ஓடும் பேச்சையெல்லாம் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். காலை எட்டு மணிக்கு நாட்டுப்பண் ஒலித்ததும் ஓடிக்கொண்டிருந்தவர்கள்கூட அப்படியே நின்றுவிடுவதைப் பார்த்து, ஆயிரமாண்டுப் பண்பாடு என்று நண்பர்கள் உருகுகிறார்கள். அந்தப் பழக்கம் பிபுன் சோங்க்ராம் என்ற இராணுவத் தலைவரின் அரசு 1939இல் பிறப்பித்த ஆணையில் தொடங்கியது. பாராட்டுவதற்கு முன் அதையாவது தெரிந்துகொள்ள வேண்டாமா?

1938இன் இறுதியில் பிரதமரான பிபுன், 1942க்குள் 12 பண்பாட்டு ஆணைகளை வெளியிட்டார். முதல் ஆணையிலேயே சயாம் தாய்லாந்து ஆனது. நாட்டுப்பண்ணுக்குப் புதிய வரிகள் வந்தன. வெற்றிலை போடுவது தடை செய்யப்பட்டது. வெளியே வருகிறவர்கள் தொப்பி அணிய வேண்டும் என்றார்கள். தாம்பூலத் தட்டோடு வாழ்ந்த கிழவிகள், அரசு சொன்ன நாள்முதல் தங்கள் வாயைப் பார்த்துத் தாங்களே வெட்கப்பட வேண்டியிருந்தது. சீனப் பள்ளிகள் மூடப்பட்டன. தெற்கே மலாய் முஸ்லிம்கள் கைலி உடுத்தியதே குற்றமானது. நாம் ரசித்துச் சாப்பிடும் பாட் தாய் என்ற நூடுல்ஸ்கூட அவருடைய அரசு பரப்பிய உணவுதான். இவ்வளவும் அரசு மேலிருந்து கொண்டுவந்தவை என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சிறிய நாடு, வாசலில் ஜப்பானியப் படை, வேறு என்ன செய்வார் என்று கேட்பார்கள். 1941 டிசம்பர் 8 அன்று படைகள் இறங்கியபோது வழிவிட நேர்ந்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வழிவிட்டதோடு அவர் நின்றாரா? அதே மாதம் 21ஆம் தேதி ஜப்பானுடன் கூட்டணி ஒப்பந்தம், 1942 ஜனவரி 25 அன்று பிரிட்டன்மீதும் அமெரிக்காமீதும் போர் அறிவிப்பு, 1943இல் மலாயாவின் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகியவற்றைக் கூட்டாளியின் கையிலிருந்து பெற்றுக்கொண்டது என்று நீண்டுகொண்டே போனது. வாஷிங்டனில் தூதராக இருந்த சேனி பிராமோஜ் அந்தப் போர் அறிவிப்பைக் கொடுக்க மறுத்தாரே, அவரும் தாய்லாந்துக்காரர்தானே?

இந்தக் கூட்டணியின் நிழலில்தான் தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவுக்கு, போர்க் கைதிகளையும் கூலியாட்களையும் வைத்து, ஜப்பானியப் படை 415 கிலோமீட்டர் மரண ரயில்பாதையைப் போட்டது. என் பாட்டியின் தம்பி மலாயாத் தோட்டத்திலிருந்து அந்த வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர், திரும்பவில்லை. அந்தப் பாதை போகும் காஞ்சனபுரியின் போர்க்கல்லறையில் நேச நாட்டுக் கைதிகளின் பெயர்கள் வரிசை வரிசையாகக் கல்லில் இருக்கின்றன. இது என்று காட்ட எங்கள் வீட்டு ஆளுக்கு ஒரு குழிகூட இல்லை. ஆகவே, எனக்கென்ன இவ்வளவு கோபம் என்று கேட்காதீர்கள்.

நம் ஊரிலும் நாட்டுப்பண்ணுக்கு எழுந்து நிற்கிறோமே என்பார்கள். நிற்போம், நிற்பதைப் பற்றி எனக்கு வழக்கில்லை. மன்னரின் முழு அதிகாரத்தை முடித்துவைத்த 1932 புரட்சியில் பங்கெடுத்த பிபுனின் சிலையைத் தாய்லாந்தில் 2020இல் அகற்றிவிட்டார்கள். அவர் வைத்துப்போன வழக்கங்களை மட்டும் பண்பாடு என்று காத்து வருகிறார்கள்.

பழைய கதையைக் கிளறுகிறேன் என்ற பேச்சுதான் என்னை அதிகம் வருத்துகிறது. தெற்கே மலாய் முஸ்லிம்கள் வாழும் பத்தானி, யாலா, நராதிவாட் மாகாணங்களில் நடக்கும் கிளர்ச்சி மோதல்களில் 2004 முதல் ஆயிரக்கணக்கானோர் செத்திருக்கிறார்கள். மொழியும் உடையும் குற்றமாக்கப்பட்ட அந்த ஆண்டுகள் அங்கே விதைத்த கசப்புக்கும் அந்தச் சாவுகளில் பங்கு உண்டு. அந்த மக்களிடம் போய் இது பழைய கதை என்று சொல்லிவிட்டு வாருங்கள். பிறகு என்னிடம் சொல்லலாம்.