ராஜா வேணும் என்பவர்களுக்கு ஒரு பதில்

2025 மார்ச்சில் காத்மாண்டு விமான நிலையத்துக்கு வெளியே ஆயிரக்கணக்கானோர் திரண்டு, "ராஜா வா, நாட்டைக் காப்பாத்து" என்று நேபாளத்தின் முன்னாள் மன்னர் ஞானேந்திராவை வரவேற்றார்கள். அந்த வீடியோவை நம் சென்னை ஆட்கள் பகிர்ந்த வேகம் இருக்கிறதே! "நமக்கும் இப்படி ஒரு நல்ல ராஜா வந்தா போதும்பா" என்று கீழே கமெண்ட். வேளச்சேரியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றாலும் இதே வசனம்தான் வரும்.

இவர்களைக் கிண்டலடித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் அவர்கள் தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு, அதற்குப் பதில் சொல்லாமல் நழுவ முடியாது. கட்சிகள் அடித்துக்கொள்ளும்போது எந்தக் கட்சியையும் சேராத, ஓட்டுக்காக யாரிடமும் கையேந்தாத ஒருவர் உச்சியில் இருந்தால் நாடு தப்பிக்கும் என்பதே அது.

ஸ்பெயினில் தப்பித்தது. 1981 பிப்ரவரி 23, நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்தார் தெஹேரோ என்ற அதிகாரி. உறுப்பினர்கள் அத்தனை பேரும் பிணைக்கைதிகள். வலென்சியாவில் டாங்கிகள் தெருவுக்கு வந்துவிட்டன. நள்ளிரவு தாண்டி மன்னர் ஹுவான் கார்லோஸ் ராணுவச் சீருடையில் தொலைக்காட்சியில் தோன்றி, நான் அரசியல் சட்டத்தின் பக்கம் என்றார். விடிந்து மதியத்துக்குள் கலகம் முடிந்தது. சர்வாதிகாரி ஃபிராங்கோ செத்து ஆறு வருஷம்கூட ஆகவில்லை. அன்று அங்கே ஒரு ஜனாதிபதி இருந்திருந்தால் தளபதிகள் அவர் பேச்சைக் கேட்டிருப்பார்களா? எனக்குச் சந்தேகம்தான்.

மலேசியாவில் உறவினர் உள்ளவர்களுக்கு இன்னொரு உதாரணம் தெரிந்திருக்கும். 2022 நவம்பர் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. மாமன்னர் கட்சித் தலைவர்களை அழைத்துப் பேசி, ஐந்தாவது நாள் அன்வார் இப்ராஹிமைப் பிரதமராக்கினார். அங்கே மாமன்னர் பதவி ஒன்பது மாநில மன்னர்களுக்குள் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. ராஜாவுக்கே தவணைக்காலம் வைத்த அந்த யோசனையை நான் உண்மையிலேயே ரசிக்கிறேன்.

சரி, இப்போது நேபாளத்துக்கு வருவோம். எல்லாரும் காப்பாற்றக் கூப்பிடும் இதே ஞானேந்திராதான் 2005 பிப்ரவரி 1 அன்று அரசைக் கலைத்து, தலைவர்களை வீட்டுக்காவலில் வைத்து, தொலைபேசி இணைப்பையும் துண்டித்து ஆட்சியைக் கையில் எடுத்தவர். மறுவருஷம் மக்கள் தெருவுக்கு வந்து அவரைப் பணிய வைத்தார்கள். 2008 மே 28 அன்று அரசியல் நிர்ணய சபை 560க்கு 4 என்ற கணக்கில் முடியாட்சியை ஒழித்தது. ஸ்பெயினிலும் நேபாளத்திலும் நெருக்கடி நேரத்தில் ராணுவம் மன்னர் சொன்னதைத்தான் கேட்டது. ஒருவர் ஜனநாயகத்தைக் காத்தார், ஒருவர் கழுத்தை நெரித்தார். எந்த ராஜா எப்படிப்பட்டவர் என்பது அந்த ராத்திரி வரும்வரை யாருக்கும் தெரியாது. தப்பாகப் போனால் மாற்றவும் வழி கிடையாது. அம்பயர் சரியில்லை என்றால் அடுத்த மேட்சுக்கு வேறு ஆளைப் போடலாம், இங்கே அவர் மகன்தான் அடுத்த அம்பயர்.

அந்த ஹுவான் கார்லோஸ் கதையும் நல்லபடி முடியவில்லை. பண விவகாரங்கள் வெளிவந்து, 2014இல் முடி துறந்து, 2020இல் அபுதாபிக்குப் போய்ச் சேர்ந்தார். பதவியில் இருந்த காலத்துக்கு அவரைக் கேள்வி கேட்க முடியாது, மன்னர் எதற்கும் பொறுப்பாளி அல்ல என்று ஸ்பெயின் சட்டமே சொல்கிறது. தாய்லாந்து அதற்கும் மேலே. அங்கே மன்னரை அவமதித்ததாக ஒரு குற்றச்சாட்டு நிரூபணமானால் 3 முதல் 15 வருஷம் சிறை. இந்தப் பதிவை அங்கே உட்கார்ந்து எழுத முடியுமா, யோசித்துப் பாருங்கள்.

பிரிட்டனைப் போல அதிகாரமே இல்லாமல் வைத்துக்கொண்டால்? 2019இல் போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றத்தை முடக்கச் சொன்னார், எலிசபெத் ராணி கையெழுத்துப் போட்டார். அது சட்டவிரோதம் என்று சொல்ல உச்ச நீதிமன்றம்தான் வரவேண்டியிருந்தது. ஆபத்து நேரத்திலும் மறுக்க முடியாத காவலர் எதற்கு? செலவுக் கணக்கை நான் இழுக்கப் போவதில்லை. 2024-25இல் அரண்மனைக்கு அரசு கொடுத்தது 8.63 கோடி பவுண்டு. அந்த நாட்டு பட்ஜெட்டில் அது தூசு.

"ராஜா வேணாம்னா கவர்னர் மட்டும் எதுக்கு?" என்று ஒருவர் கேட்டார். தமிழ்நாட்டுக்காரன் கேட்கவேண்டிய கேள்விதான். ஆட்டுக்குத் தாடி எதற்கு, நாட்டுக்கு கவர்னர் எதற்கு என்று அண்ணா எப்போதோ கேட்டுவிட்டார். ஆளுநர் நிறுத்திவைத்த 10 மசோதாக்கள் விஷயத்தில் அவர் செய்தது சட்டவிரோதம் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நவம்பரில் வேறொரு அமர்வு, ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்க முடியாது என்றது. சண்டை ஓயவில்லை. ஆனால் சண்டை போடவாவது முடிகிறது. கிண்டி மாளிகையில் இருப்பவர் பரம்பரைச் சொத்தாக அதை மகனுக்கு எழுதிவைத்துவிட்டுப் போக முடியாது.

அடுத்து வரும் கேள்வி எனக்குத் தெரியும். "இங்க நடக்கறது மட்டும் என்ன, வாரிசு அரசியல்தானே?" வாரிசுகள் எனக்கும் பிடிக்காது. ஆனால் ஒரு கதை கேளுங்கள். 1970 செப்டம்பரில் மன்னர் மானியத்தை, அதாவது முன்னாள் சமஸ்தான மன்னர்களுக்கு அரசு கொடுத்துவந்த பணத்தை, ஒழிக்கும் மசோதா மாநிலங்களவையில் தோற்றது. ஆதரவு 149, எதிர்ப்பு 75. மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு முழு ஓட்டுகூடக் குறையவில்லை. உடனே அந்த மன்னர்களின் அங்கீகாரத்தை ரத்து செய்து குடியரசுத் தலைவர் உத்தரவு வந்தது. அதை எதிர்த்து குவாலியர் அரச குடும்பத்து மாதவராவ் சிந்தியா உச்ச நீதிமன்றம் போய் ஜெயித்தார். இந்திரா விடாமல் 1971 கடைசியில் 26ஆவது திருத்தத்தால் மானியம், பட்டம் இரண்டையும் ஒழித்தார். அந்த மாதவராவின் மகன் ஜோதிராதித்யா 2019இல் குடும்பக் கோட்டையான குணாவில் நின்று தோற்றார். எந்த அரண்மனை வாரிசையும் சாதாரண ஓட்டர் ஒரு பட்டனை அழுத்தி வீட்டுக்கு அனுப்பலாம், மீண்டும் கூப்பிடவும் செய்யலாம். வாரிசு அரசியலும் மன்னராட்சியும் ஒன்று என்பவர்கள் இந்தப் பட்டனை மறந்துவிடுகிறார்கள்.

(அந்தத் திருத்தத்திலும் தப்பிய பட்டம் ஒன்று நம்ம ராயப்பேட்டையிலேயே இருக்கிறது. ஆற்காடு நவாப் பட்டத்தை 1855இல் பிரிட்டிஷ் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி ஒழித்தார். 1867இல் ஆறுதலாக "ஆற்காடு இளவரசர்" பட்டம் தரப்பட்டது. 1971இல் ஒழிந்தது சமஸ்தான மன்னர்களின் பட்டங்கள். சமஸ்தானமே இல்லாத ஆற்காடு அந்தக் கணக்கில் வரவில்லை. அந்த இளவரசரின் வீடான அமீர் மஹாலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு இந்த வேடிக்கை ஞாபகம் வரும். அதிகாரமில்லாத இப்படியொரு பட்டம் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.)

நேபாள ரசிகர்களுக்குக் கடைசியாக. 2025 செப்டம்பரில் இளைஞர்கள் தெருவுக்கு வந்து பிரதமர் கே.பி. சர்மா ஒலியின் அரசு கவிழ்ந்தது. நாடாளுமன்றமே எரிந்தது. நடுநிலையான ஒருவர் வேண்டும் என்ற நிலை அங்கே உண்மையாகவே வந்தது. அப்போது அந்த இளைஞர்கள் முன்மொழிந்தது ஞானேந்திராவை அல்ல, ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி சுசீலா கார்க்கியை. அவர் தேர்தல் நடத்துவதற்காக இடைக்காலப் பிரதமரானார். முடியாட்சி கேட்கும் கட்சியும் அங்கே இருக்கத்தான் செய்கிறது. 2022 தேர்தலில் 275க்கு 14 இடம் பிடித்தது. ஞானேந்திராவுக்கு நாட்டைக் காப்பாற்றும் ஆசை இருந்தால் அந்தக் கட்சி சார்பில் ஒரு தொகுதியில் நிற்கலாமே. சிந்தியா குடும்பம் நிற்கவில்லையா?