கொசு குறைந்தால் மலேரியா குறைந்துவிடாது
"பக்கத்து ஊரில் ஒருவருக்கு இரவுக்கு 20 கொசுக்கடி, எங்கள் ஊரில் 5தான், அதனால் மலேரியா ஆபத்து கால்வாசி" என்று கணக்கிடுவது தவறு. கடி எண்ணிக்கை பாதிக் கணக்குதான். உமிழ்நீர்ச் சுரப்பியில் ஸ்போரோசோயிட் (மலேரியா ஒட்டுண்ணியின் தொற்றும் வடிவம்) உள்ள அனோபிலிஸ் (மலேரியா பரப்பும் கொசு) எத்தனை சதவீதம் என்பதையும் பெருக்க வேண்டும். 20 கடியில் 1% என்றால் இரவுக்கு 0.2 தொற்றுக்கடி, 5 கடியில் 6% என்றால் 0.3. கொசு குறைந்த ஊரில்தான் ஆபத்து அதிகம்!

இந்தச் சதவீதத்தைப் பெரிதும் தீர்மானிப்பது கொசுவின் வயது. நோயாளியைக் கடித்த பிறகு ஒட்டுண்ணி முதிரச் சுமார் 10 முதல் 14 நாள் ஆகும். தினமும் 90% கொசு பிழைத்தால் 12 நாள் கழித்து 28% மிஞ்சும். 80% பிழைத்தால் வெறும் 7%. மருந்தூட்டிய வலை இந்த ஆயுளைத்தான் வெட்டுகிறது, அதைக் கைவிடாதீர்கள்.

கொசுவை எண்ணிய முறையையும் பாருங்கள். ஒளிப்பொறியை (வெளிச்சத்தால் கொசுவை ஈர்த்துப் பிடிக்கும் கருவி) வீட்டுக்குள், வலைக்குள் தூங்குபவரின் கால்மாட்டில், வலைக்கு வெளியே, தரையிலிருந்து சுமார் 1.5 மீட்டர் உயரத்தில் தொங்கவிட வேண்டும். அவர் வலையில்லாமல் படுத்தால் கொசு பொறிக்கு வராமல் அவரையே கடிக்கும். எண்ணிக்கை பொய்யாகக் குறையும். வாசலில் கடிப்பவையோ அதில் பெரும்பாலும் சிக்குவதில்லை.